சுவருக்குள் போன கேபிள்: விளையாட்டுக்காக வீட்டில் நெட்வொர்க் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மதுரை ஒத்தக்கடைப் பக்கம், பூச்சு வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் இரண்டு கணினி, கீழே ஒன்று என அண்ணன் தம்பிகள் சேர்ந்து விளையாடுவதற்காகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கிடந்த 305 மீட்டர் கேபிள் பெட்டி ஒரு கையில் இலேசாக எழும்பியபோதே, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு அங்கே திரும்ப நடப்பது தெரிந்துவிட்டது. கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது போன்றவற்றை எவரும் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பிங் கூடினால் பெரிய திட்டத்துக்கு மாறுவது

பிங் என்பது ஆட்டத்தை நடத்தும் தொலைதூரக் கணினிக்கு, அதாவது சர்வருக்கு, தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம். விளையாடும்போது போய்வரும் தரவு மிகக் குறைவு. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்கினாலும் ஆட்டத்தில் மாற்றம் தெரியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மதுரைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் என்பதால், அங்குள்ள சர்வருக்குப் போய்த் திரும்பவே குறைந்தது 11 அல்லது 12 மில்லிசெகண்டு ஆகும். இழை நேராகப் போவதில்லை என்பதால் உண்மையில் அதைவிடக் கூடும். ஆட்டம் சிங்கப்பூர் சர்வரில் நடந்தால் தூரத்துக்கு மட்டுமே 30 மில்லிசெகண்டு போய்விடும். எந்தச் சர்வர் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

அலுமினியக் கேபிளைச் சுவருக்குள் விடுவது

திருநகரில் எங்கள் வீடு எழும்பியபோது, டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் ‘கேட் 6’ (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சிட்ட பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தது. மிச்சப் பணத்தில் ஹெட்செட் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கேபிளை இழுத்து, சுவரைப் பூசி, பட்டி பார்த்து, வண்ணமும் அடித்தாயிற்று. முதல் ஆண்டு குறையில்லை. மறு ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு அத்தை வீட்டுப் பிள்ளைகளும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் வந்து ஐந்து பேராக விளையாட உட்கார்ந்தபோது, மாடிக் கணினி மட்டும் அடிக்கடி இணைப்பை இழந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலை வீட்டார் அனைவரும் வைகைக் கரையில் நிற்க, நான் க்ரிம்பிங் கருவியோடு தரையில் உட்கார்ந்து கேபிள் முனையை வெட்டி வெட்டி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கோளாறு முனையில் இல்லை. அந்தக் கேபிளின் கம்பிகள் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பைவிட மின்தடை கூடியது; வளைத்து நிமிர்த்தினால் எளிதில் ஒடியும்; முலாம் விட்ட இடத்தில் காற்றுப் பட்டால் அதன்மேல் ஆக்சைடு படிந்து தொடர்பு கெடும். கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) இணைப்புக்கு எட்டுக் கம்பிகளும் நலமாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் பல கருவிகள் தாமாகவே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி, நான்கு கம்பிகளைக் கொண்டு ஒப்பேற்றும். விளையாட்டுக்கு அந்த வேகமே போதும். ஆனால் அரைகுறையாக ஒடிந்த கம்பியில் இணைப்பு போவதும் வருவதுமாக இருப்பதைத்தான் எந்த ஆட்டமும் தாங்காது.

பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம் என்று முயன்றேன். பைப்பில் நான்கு முடக்கு. பழையது பாதியில் அறுந்தது. சுவரை வெட்டி, மீண்டும் பூசி, ஓர் அறை முழுவதும் வண்ணம் அடித்ததற்கு ஆன செலவில் நல்ல செம்புக் கேபிள் சில பெட்டிகள் வாங்கியிருக்கலாம். பெட்டியின் ஓரத்தில் ‘சிசிஏ’ (செம்பு பூசிய அலுமினியம்) என்று பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்காதது என் குற்றம்தான். ஆயினும் கேட் 6 தரம் செம்புக் கம்பியையே கோரும்போது, அலுமினியத்தை அந்தப் பெயரில் விற்றதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கடையிலேயே ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ஒத்தக்கடை வீட்டிலும் அப்படித்தான் சுரண்டிக் காட்டினேன். கீழ்த்தளத்தில் பூச்சு முடிந்திருந்தது. மாடிச் சுவரையாவது காப்பாற்ற முடிந்தது.

மின்கம்பி போகும் பைப்பிலேயே இழுப்பது

கூடாது. தனிப் பைப் போடுங்கள்.

ரௌட்டருக்குப் பின்னால் இன்னொரு ரௌட்டர்

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியும் ஒரு ரௌட்டர்தான். அதன்பின் நாம் வாங்கியதை அப்படியே மாட்டினால் வீட்டில் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகும். ஒருவர் முதல் பெட்டியிலும் மற்றவர் இரண்டாவதிலும் இருந்தால், அடுத்த அறையில் தொடங்கிய லேன் ஆட்டம் (வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நடப்பது) பட்டியலில் தோன்றாது. பிள்ளைகள் ஆட்டத்தைக் குறை சொல்வார்கள். இரண்டாவதை, தனி நெட்வொர்க் உருவாக்காத அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால் போதும்.

ரௌட்டரை மரப்பெட்டிக்குள் மூடிவைப்பது

மதுரை வெயிலிலா?

ரௌட்டரை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டுவது

கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் மாட்டுங்கள். மின்சாரம் போனபின் வைஃபை இருக்க, கேபிள் இணைப்பு மட்டும் ஏன் போகிறது என்று கேட்டு எனக்கு இரவு பதினோரு மணிக்கு அழைப்பு வருகிறது.