இங்கிலாந்தில் வயது வந்தவர்கள் ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு ஜிபியிடம் ரெஃபரல் கேட்பது எப்படி?

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று உறுதியான பிறகு, அந்த அறிக்கையை வாசிக்கும்போது தங்கள் சிறுவயதும் அதில் தெரிவதாகச் சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். சிலருக்கு வேலையில் ஒத்துப்போகாமலே பல வருடங்கள் கழிந்த பிறகு சந்தேகம் வருகிறது. எப்படி வந்தாலும் முதல் கதவு உங்கள் ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர்தான். இங்கே நான் எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடைமுறை வேறு.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று ஜிபி முடிவு செய்வதில்லை. நிபுணர் குழுவிடம் அனுப்ப (இதுதான் ரெஃபரல்) போதிய காரணம் இருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். அதனால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, காரணத்தைக் காட்டினால் போதும்.

முதலில் உங்கள் சிரமங்களை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, மதிப்பீட்டைப் பரிசீலிக்க இரண்டு பட்டியலிலும் ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. முதல் பட்டியல்: பிறருடன் பழகுவதில் அல்லது பேச்சைப் புரிந்துகொள்வதில் நீடித்த சிரமம், மாற்றத்தை ஏற்க முடியாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, குறுகிய ஆழ்ந்த ஈடுபாடு. இரண்டாவது பட்டியல்: வேலையோ படிப்போ கிடைப்பதில், நிலைப்பதில் சிக்கல்; உறவுகளைத் தொடங்குவதில், தொடர்வதில் சிக்கல்; மனநலச் சேவையை நாடியிருப்பது; ஏடிஎச்டி போன்ற வளர்ச்சி சார்ந்த நிலையோ மனநோயோ முன்பு இருந்தது.

என்னைக் கேட்டால், பலர் கோட்டைவிடுவது இரண்டாவது பட்டியலில். “எனக்குக் கூட்டம் பிடிக்காது” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். “கலியாண வீட்டில் ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் காருக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன், அதனால் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்” என்று எழுதினால் அதன் விளைவு தெரிகிறது. “டீம் மாறியதும் வேலையை விட்டேன், இதோடு மூன்றாவது வேலை” என்பதும் அப்படித்தான்.

நம்மவர்களுக்கு இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசாமல் வளர்ந்தவர்கள் நாம். ஆகவே கண் பார்ப்பதில் சிரமம் என்றால், சம வயது நண்பர்களோடும் சொந்தப் பிள்ளைகளோடும் அப்படியா என்று குறிப்பிடுங்கள். அடுத்தது, போரும் இடப்பெயர்வும் கடந்து வந்தவர்களின் சிரமங்கள் முழுவதையும் மருத்துவர் அந்த அதிர்ச்சியின் கணக்கிலேயே எழுதிவிடக்கூடும். அதிர்ச்சி, ஆட்டிசம் இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். அந்தச் சம்பவங்களுக்கு முன்பே, சின்ன வயதிலேயே இருந்தவை எவை என்று பிரித்து எழுதுங்கள்.

ஏக்யூ-10

இது ஆட்டிசம் அறிகுறிகள் பற்றிய பத்துக் கேள்விகள் கொண்ட படிவம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்பது வழிகாட்டி. குறைவாக வந்தாலும், ஆட்டிசம் இருக்கலாம் என்று மருத்துவரே கருதினால் அனுப்பலாம். வெளியே எல்லாவற்றையும் மறைத்துச் சமாளித்து, வீட்டுக்கு வந்து சோர்ந்து விழுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதை எழுத்தில் சொல்வது நல்லது. நிரப்பிய படிவத்தையும் உங்கள் பக்கத்தோடு சேருங்கள்.

அப்பாயின்ட்மென்ட்

வழக்கமான பத்து நிமிடம் போதாது. இரட்டை நேரம் கேளுங்கள். போனில் பேசுவது கடினமென்றால் ஆன்லைன் படிவத்திலோ என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) செயலியிலோ கேட்க முடியுமா என்று பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அவர்கள் முன்னால் உங்களால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

உள்ளே போனதும் நேராகக் கேட்டுவிடுங்கள்: “எனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். மதிப்பீட்டுக்கு ரெஃபரல் வேண்டும். காரணங்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.” தூக்கமின்மை, மனச்சோர்வு என்று சுற்றி வளைத்தால் பேச்சு அங்கேயே முடிந்து மாத்திரையோடு திரும்ப நேரும்.

எங்கே அனுப்புவது?

ரெஃபரல் செய்யப்பட்டு 3 மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது நைஸின் அளவுகோல். நடைமுறையில் பல பகுதிகளில் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. இது நியாயமே இல்லை. அதனால் ‘ரைட் டு சூஸ்’ பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். ரெஃபரல் தேவை என்று ஜிபி ஒத்துக்கொண்டால், மதிப்பீட்டுக்கு எந்த நிறுவனத்திடம் போவது என்று தேர்ந்தெடுக்கும் சட்ட உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நிறுவனத்துக்கு இங்கிலாந்தில் எந்தப் பகுதி என்எச்எஸ்ஸுடனாவது அந்தச் சேவைக்கான ஒப்பந்தம் இருக்க வேண்டும். செலவு என்எச்எஸ்ஸுடையது. பல நிறுவனங்கள் ஜிபிக்கான கடித மாதிரியைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அதை நிரப்பிக் கையோடு கொண்டுபோங்கள். அங்கேயும் வரிசை உண்டு, இப்போதைய காத்திருப்பு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

மறுத்தால்

“வேலை, கலியாணம், குழந்தை எல்லாம் இருக்கிறதே, இனி எதற்கு?” என்று ஜிபி சொல்லக்கூடும். மறுப்பதற்கான காரணத்தை உங்கள் மருத்துவப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அதே சர்ஜரியில் (ஜிபி கிளினிக்கில்) வேறு மருத்துவரைப் பார்க்கலாம், பிராக்டிஸ் மேனேஜரிடம் எழுத்தில் முறையிடலாம். சர்ஜரியையே மாற்றும் உரிமையும் உண்டு.

அனுப்பிய பிறகு

சில வாரங்களில் எதுவும் வராவிட்டால், கடிதம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று சர்ஜரியிலும் அந்த நிறுவனத்திலும் கேளுங்கள். முகவரி, போன் நம்பர் மாறினால் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள்.

வேலையில் உதவி கேட்க முடிவு வரும்வரை பொறுக்க வேண்டாம். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், உங்கள் சிரமம் அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகவும் நீண்ட காலமாகவும் பாதிக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அமைதியான இருக்கை, வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் அறிவுறுத்தல் போன்றவற்றை இப்போதே கேட்கலாம்.

மதிப்பீட்டில் உங்கள் சிறுவயதைப் பற்றிக் கேட்பார்கள், முடிந்தால் உங்களை அப்போது அறிந்த ஒருவரிடமும். அம்மா யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருந்தால் போனில் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பெற்றோர் இல்லையென்றால் அண்ணன், அக்கா, சித்தி, பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டு, எதுவும் உதவும். எப்போது பேசத் தொடங்கினேன், மற்றப் பிள்ளைகளோடு விளையாடினேனா, எந்தச் சாப்பாட்டை, எந்தத் துணியை மறுத்தேன், பழக்கம் மாறினால் என்ன செய்தேன் என்று இப்போதே கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். யார் சொன்னது, அப்போது உங்களுக்கு என்ன வயது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.