சுருண்டுகொண்ட மப்ளரும் பனியன் கம்பெனி மாமாவும்

திருப்பூரில் பிறந்து வளர்ந்தும் ஊசியைக் கையில் பிடித்துப் பின்னியது போன வருஷம்தான். மார்கழிக்குள் பையனுக்கு ஒரு மப்ளர் போட்டுவிடலாம் என்று 4 மில்லிமீட்டர் ஊசியும் உல்லன் நூலும் வாங்கி, 40 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) ஏற்றி, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (அதையே மறுபக்கமாகத் திருப்பிப் போடும் பின்னல்) என்று ராத்திரி டீவி முன்னால் உட்கார்ந்து பின்னினேன். கைக்கு அவ்வளவு சுகம். ஒரு முழம் வந்தபிறகு பார்த்தால் ஓரமெல்லாம் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டது.

சூடாக அயர்ன் பண்ணினேன். உல்லன் என்று கடையில் தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான், சூட்டில் துவண்டு பளபளவென்று ஆகிவிட்டது. அந்தத் துண்டு போச்சு.

நிட்டிங் மிஷின் ஓட்டிய மாமா வந்து திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது சிங்கிள் ஜெர்சி, பனியன் துணிப் பின்னல் கண்ணு, சுருளாம என்ன பண்ணும்? பனியனை வெட்டிப் பாரு." அட, ஆமாம்! முன்பக்கம் வி வி யாக, பின்பக்கம் மேடு மேடாக, வெட்டினால் ஓரம் சுருளும் அதே துணி. இரண்டு பக்கமும் இழுப்பு சமமாக இல்லாததுதான் காரணம்.

அப்புறம் புது நூலில், முதல் 6 வரிசையும் கடைசி 6 வரிசையும் முழுக்க நிட், நடுவில் எந்த வரிசையானாலும் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு கண்ணி நிட். ஓரம் படிந்து நின்றது. முழுசுமே ஒரே வரிசைக்குள் ஒரு கண்ணி நிட், அடுத்த கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றி, நெடுக்குக் கோடு கோடாக வரும் ரிப்பாகப் போட்டாலும் சுருளாது, ஆனால் எனக்குப் பொறுமை இல்லை.

மப்ளர் தை பிறந்துதான் முடிந்தது.