யூ.எஸ். சீனியர் ஓப்பன் லீடர்போர்டை வாசிப்பது எப்படி?

ஆண்கள் மூத்தோர் கோல்ஃபில் மேஜர் போட்டிகள் ஐந்து. அவற்றுள் 50 வயது நிரம்பியவர்கள் ஆடும் யூ.எஸ். சீனியர் ஓப்பனை இங்கே எடுத்துக்கொள்வோம். பார், பெர்டி, போகி ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் மைதானத்தின் பார் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 2023இல் போட்டி நடந்த விஸ்கான்சினின் சென்ட்ரிவேர்ல்டில் பார் 71. நான்கு சுற்றுகளுக்கு 284. மூத்தோர் போட்டிகள் பெரும்பாலும் மூன்றே சுற்றுகளில் முடிந்துவிடும். இது நான்கு நாள் ஆட்டம்.

அடுத்து 'மொத்தம்', 'இன்று', 'த்ரூ' (அன்றைய சுற்றில் ஆடி முடித்த குழிகள்) என்னும் மூன்று பத்திகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். அந்த ஆண்டின் இறுதி நாளில் பெர்ன்ஹார்ட் லாங்கரின் பெயருக்கு நேரே −10 என்றிருந்ததைப் பார்த்துவிட்டு எழுந்துபோனவன், திரும்பி வந்தபோது −7 என்றிருக்கக் கண்டு, பக்கம் பழுதாகிவிட்டதென்று மூன்று முறை புதுப்பித்தேன். பழுது ஏதுமில்லை. 71, 68, 68 என்று ஆடி −6இல் இறுதிச் சுற்றைத் தொடங்கியவர், 15 குழிகள் முடிவதற்குள் இன்னும் நான்கு அடிகளை மிச்சப்படுத்தியிருந்தார். அதன்பின் 16, 17, 18 மூன்றிலும் போகி. ஆகவே 'இன்று' −4இலிருந்து −1க்கும், 'மொத்தம்' −10இலிருந்து −7க்கும் வந்தன. 'த்ரூ' பத்தியில் இருந்த 15ஐக் கவனித்திருந்தால், மூன்று குழிகள் பாக்கி என்பது அப்போதே புரிந்திருக்கும். அந்தச் சுற்றில் 70, மொத்தத்தில் 277 அடிகள். அப்படியும் ஸ்டீவ் ஸ்ட்ரிக்கரை இரண்டு அடிகளில் முந்தி, 65 வயதில் கோப்பையை வென்றார்.

கைபேசியின் குறுகிய திரையில் 'இன்று' பத்தி ஒதுங்கிப்போவதுண்டு என்பதால், கணினியில் பார்ப்பதே மேல் என்பேன். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: 'த்ரூ' எண்ணுக்கு அருகில் வரும் நட்சத்திரக் குறி எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 156 பேர் களமிறங்கும் முதல் இரு நாள்களில் பாதிப் பேர் 10ஆம் குழியிலிருந்து தொடங்குவார்கள், குறி அவர்களுக்குரியது. நட்சத்திரத்தோடு 9 என்றிருந்தால், அவர் 18ஆம் குழியை முடித்துவிட்டு 1ஆம் குழிக்குப் போகிறார் என்று பொருள். முதல் 60 இடங்களில் உள்ளவர்களும் 60ஆம் இடத்தைப் பகிர்பவர்களும் மட்டுமே மூன்றாம் சுற்றுக்குச் செல்வதால், விளிம்பில் நிற்பவருக்கு எந்த ஒன்பது குழிகள் மிச்சமிருக்கின்றன என்பதை அறிய அந்தக் குறியைத்தான் பார்க்க வேண்டும்.