பேர்ட், பலஸ்த்ரீனா கேட்கத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியத் தேவாலயங்களுக்காக எழுதப்பட்ட பல்குரல் இசையை யாருக்காவது முதல்முறை போட்டுக் காட்டினால், பெரும்பாலும் வருகிற பதில் "நல்லா அமைதியா இருக்கு, தூங்கப் போகும்போது கேட்கலாம்" என்பதுதான். அங்கேதான் முதல் தவறு தொடங்குகிறது. இந்த இசையில் ஓய்வே கிடையாது. நாலைந்து குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டும் உரசிக்கொண்டும் போய்க்கொண்டே இருக்கின்றன. சத்தத்தைக் குறைத்துப் பின்னணியில் ஓடவிட்டால் அதெல்லாம் குழைந்து, ஒரே ரீங்காரமாகத்தான் காதில் விழும்.

அடுத்தது, எல்லோரும் செய்வது, நானும் வெகுநாள் செய்தது: மேலே கேட்கிற சோப்ரானோவை மட்டும் பிடித்துக்கொண்டு போவது. ஒரு பாட்டு என்றால் ஒரு மெட்டு, மற்றதெல்லாம் பக்கவாத்தியம் என்று பழகிய காது அப்படித்தான் தேடும். ஆனால் இங்கே முன்னணிக் குரல் என்று ஒன்று இல்லை. ஒரு குரல் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கிளம்பும், அது பாதி தூரம் போவதற்குள் அடுத்த குரல் அதே சொல்லை, கிட்டத்தட்ட அதே மெட்டில், வேறு உயரத்தில் ஆரம்பிக்கும், அப்புறம் இன்னொன்று. எனவே, ஒரே பாட்டை இரண்டு மூன்று தடவை போட்டு, ஒரு தடவை டெனரை (ஆண்களின் உயர்ந்த குரல்) மட்டும், இன்னொரு தடவை பேஸை (அடிக்குரல்) மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நடுக் குரல்களைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் பிடிபட்டுவிட்டால் விடமாட்டீர்கள்.

தொடங்க நல்ல இடம், ஆங்கிலேய இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட் நான்கு குரல்களுக்கு எழுதிய திருப்பலி (கத்தோலிக்க வழிபாடு) இசையின் கடைசிப் பகுதியான ஆக்னுஸ் தேயி. தமிழ்த் திருப்பலியில் சொல்கிற "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" என்பதுதான் அதன் லத்தீன் வரி. மூன்று முறை வரும். முதல் முறை மேல் குரல்கள் இரண்டு மட்டும். இரண்டாம் முறை மூன்று குரல்கள். மூன்றாம் முறைதான் நான்கும் சேர்கின்றன, சேர்ந்து "தோனா நோபிஸ் பாச்செம்", எங்களுக்கு அமைதி அருளும், என்ற இடத்துக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்: ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நகர்ந்து அதோடு உரசுகிறது, காது ஒரு கணம் கூசுகிறது, பிடித்திருந்த குரல் ஒரு படி இறங்கி வழிவிடுகிறது, அதற்குள் வேறொரு குரல் உரசத் தொடங்கிவிடுகிறது. அமைதி வேண்டும் என்ற சொல்லுக்கு இசையில் அமைதியே கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போகிறது.

அதை ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு அவர் வாழ்ந்த காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் கேட்பது இன்னொரு தவறு. பேர்ட் கத்தோலிக்கர், அதே சமயம் புராட்டஸ்டண்ட் ராணி முதலாம் எலிசபெத்தின் அரண்மனைத் தேவாலயக் குழுவில் இருந்தவர். 1581 சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு மாதம் 20 பவுண்டு அபராதம், 1585 சட்டப்படி கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. இந்த நிலையில்தான் 1592-க்கும் 1595-க்கும் இடையில் மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கான மூன்று திருப்பலி இசைகளை அச்சிட்டார். முகப்புப் பக்கம் இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை, வருடம் இல்லை. ஆனால் பக்கங்களின் மேலே தன் பெயரை மட்டும் விட்டுவைத்தார். வருடத்தையே பிற்காலத்தில் எழுத்து அச்சுக்கட்டைகளின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். பயம் வீண் பயமும் இல்லை: 1605-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் பேர்டின் இசைப் புத்தகங்களை வைத்திருந்ததற்காகவே லண்டனில் பிடிபட்டு நியூகேட் சிறைக்குப் போனார்.

ஆகவே இந்த இசையை எண்பது பேர் பாடுவதாக, எதிரொலிக்கும் பெரிய பேராலயத்தில் நடப்பதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பூட்டிய வீட்டில், குரலுக்கு ஒருவர் இருவர் என்று பாடியிருப்பார்கள். அப்படிச் சிறு குழு பாடிய பதிவுகளைத் தேடிக் கேளுங்கள், சொற்களும் உரசல்களும் தெளிவாகக் கேட்கும். "அந்தக் காலத்தில் பெண்கள் பாடவே இல்லை" என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. தேவாலயக் குழுக்களில் மேல் குரலைச் சிறுவர்களும் பொய்க்குரலில் பாடும் ஆண்களும் பாடினார்கள் என்பது உண்மைதான், ஆனால் 1586-இல் ஒரு கத்தோலிக்கப் பிரபுவின் வீட்டில் ரகசியமாகத் தங்கிய வில்லியம் வெஸ்டன் என்ற இயேசு சபைக் குரு, அந்த வீட்டில் ஆர்கனும் மற்ற வாத்தியங்களும் இருந்ததை, வீட்டு ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடியதை எழுதி வைத்திருக்கிறார். அங்கே பேர்டும் இருந்தார்.

வாத்தியமே கூடாது என்பதும் அதே மாதிரி அரைகுறை உண்மை. ரோமில் போப்பின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஆர்கன்கூட இல்லாமல்தான் பாடினார்கள். வெனிஸின் புனித மாற்கு ஆலயத்திலோ இசையமைப்பாளர் ஜொவான்னி காப்ரியேலி குரல்களோடு ஊதுகருவிகளையும் சேர்த்து, குழுக்களைத் தனித்தனி இடங்களில் நிறுத்தி முழங்க வைத்தார்.

இனி இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்த்ரீனா. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் பல்குரல் இசையைத் தடை செய்யப் போனது, அவர் போப் மார்செல்லுஸ் பெயரில் ஒரு திருப்பலி இசை எழுதிக் காட்டி அதைக் காப்பாற்றினார் என்ற கதையைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். 1562-இல் சங்கம் சொன்னது, வழிபாட்டு இசையில் இழிவான, தூய்மையற்ற எதுவும் கலக்கக் கூடாது என்பதுதான். இரண்டாம் மார்செல்லுஸ் 1555-இல் மூன்று வாரம் மட்டுமே போப்பாக இருந்தார், அதற்குள் ஒரு பெரிய வெள்ளியன்று பாடகர்களை அழைத்து, சொற்கள் புரியும்படி பாட வேண்டும் என்று சொன்னார். 1565 ஏப்ரல் 28 அன்று கர்தினால் வித்தெல்லொட்ஸியின் வீட்டில் போப்பின் பாடகர்கள் சில திருப்பலி இசைகளைப் பாடிக் காட்டினார்கள், வரிகள் புரிகின்றனவா என்று பார்க்க. என்ன பாடினார்கள் என்பது பதிவில் இல்லை. மார்செல்லுஸ் பெயரிலான அந்தத் திருப்பலி இசை 1567-இல் அச்சானது. கதையை விட்டுவிட்டு அதன் க்ளோரியா என்ற புகழ்ச்சிப் பகுதியைக் கேளுங்கள்: ஆறு குரல்கள் இருந்தும், சொல்லைச் சேர்ந்து உச்சரிப்பதால் ஒவ்வொரு அசையும் தெளிவாக வருகிறது.

இத்தாலிய இசையமைப்பாளர் அல்லெக்ரியின் மிசெரேரே என்ற பல்குரல் பாடலையும் பலர் இதே காலத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது 1630-களைச் சேர்ந்தது, எல்லோரையும் சிலிர்க்க வைக்கும் அந்த உச்ச சுரமும் அல்லெக்ரி எழுதியதல்ல, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

நீங்களே ஒரு குழுவில் பாடப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும். இன்றைய இசைத்தாளில் தாளத்தைப் பிரித்துக் காட்டும் செங்குத்துக் கோடுகளைப் பார்த்து, ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் அழுத்திப் பாடாதீர்கள். அன்றைய பாடகர் கையில் பெரும்பாலும் இருந்தது அவர் குரலுக்கான சிறு புத்தகம் மட்டுமே. அதில் கோடும் கிடையாது, மற்றவர்களின் வரியும் கிடையாது. அவர்கள் லத்தீன் சொல்லின் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற குரல்களைக் காதால் கேட்டுக்கொண்டே பாடினார்கள். பாடுவதற்கு முன் உங்கள் வரியை மெட்டில்லாமல் பத்துத் தடவை சத்தமாக வாசியுங்கள். எந்த அசை கனமானது என்று வாய்க்குத் தெரிந்த பிறகு சுரத்துக்கு வாருங்கள்.