பழைய ஹார்ன் நாலை மாட்டுதேன்னு வண்டியக் கொளுத்திராதீய

இப்பம் பயலுவளுக்குப் பிடிச்சிருக்க கிறுக்கு ஹார்ன் மாத்துததுதான். பழைய இரும்புக்கடையில பிரிச்சுப் போட்ட கார்ல இருந்து விண்ட்டோன் ஹார்னா, அதான் நத்தை ஓடு மாதிரி சுருண்டு இருக்குமே, அதப் பொறுக்கிட்டு வந்து, ரெண்டு இருந்த எடத்துல நாலை மாட்டி, பெரிய வண்டி சத்தம் வரணும்ங்காவ. ஆச தப்பில்ல, அமெரிக்காவுல பழைய கேடிலாக்ல கம்பெனிக்காரனே நாலு ஹார்ன் வச்சு நாலு சுரத்தையும் சேத்து அடிக்க விட்டிருந்தான். ஆனா பட்டறைக்கு வார வண்டியப் பாத்தா எல்லாப் பயலும் அதே சில எடத்துலதான் போய் முட்டுதான். நட்டு டைட் வைக்கல, டேப் சுத்தலங்கதையெல்லாம் நான் சொல்ல வரல, அது உங்களுக்கே தெரியும்.

மாறி மாறிப் பாடுத ஹார்ன்

வேண்டாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதியில 119-ஆம் விதியப் பாருங்க, வேற வேற சுரம் ஒண்ணு பின்னால ஒண்ணா வார ஹார்னே கூடாதுன்னு இருக்கு. நாலும் ஒரே நேரத்துல அடிச்சா அது வேற கணக்கு, ஆனா காதக் கிழிக்க சத்தம்னா அதுவும் அதே விதியிலதான் மாட்டும்.

அடிச்சுப் பாக்காம வாங்குதது

கடைக்குப் போகும்போதே ஒரு பைக் பேட்டரியும் ரெண்டு துண்டு வயரும் கொண்டு போங்க. பஸ்ஸுல, லாரில கழட்டுனது 24 வோல்ட்டா இருக்கும், நம்ம கார் 12, மாட்டுனா தொண்டை கட்டுன மாதிரி முனகும். ஹார்ன் மேலயே அடிச்சிருப்பான், அழுக்கத் தொடச்சுட்டுப் படிங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல முங்குன வண்டி ஹார்னுன்னா சும்மா குடுத்தாலும் வேண்டாம், உள்ள வண்டல் காஞ்சு கெடக்கும்.

எச், எல் பாக்காம ஜோடி சேக்கது

ஹார்ன் மேல எல்னு இருந்தா கீழ் சுரம், எச்னு இருந்தா மேல் சுரம். சாதாரணமா எல் சுமார் 400 ஹெர்ட்ஸ், எச் சுமார் 500, ரெண்டும் சேந்தாத்தான் அந்தக் கனமான சத்தம். வேற வேற கம்பெனி எல் ரெண்டை மாட்டுனா நூலளவு வித்தியாசத்துல வவ்வவ்னு அலையடிக்கும்.

பியூஸ் போகுதுன்னு பெரிய பியூஸ் போடுதது

இதத்தான் என்னால தாங்கவே முடியல. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தம்பி, நாலு ஹார்னையும் கம்பெனி வயர்லயே கிளை பிரிச்சு மாட்டியிருக்கான். ஒரு ஹார்ன் சுமார் அஞ்சு ஆம்பியர் இழுக்கும், நாலுன்னா 20 ஆச்சு, அந்த வயரோ ரெண்டு ஹார்னுக்கு அளந்து விட்டது. செவப்பு பத்து ஆம்பியர் பியூஸ் போயிட்டு. நீலம் 15 போட்டான், அதுவும் போயிட்டு. யாரோ போன்ல "பச்சையப் போடுலே, நிக்கும்"னு சொல்லிருக்காவ, பச்சைன்னா 30. நின்னுட்டு, ஆனா நாலுல ரெண்டு ஹார்ன் சத்தமே குடுக்கல, அதப் பத்தி இவன் கவலப்படவும் இல்ல.

அங்கதான் வில்லங்கமே. உள்ள கரண்ட விட்டு விட்டுக் குடுக்க பாயிண்ட் ஒட்டிப்போன ஹார்ன் கத்தாது, ஆனா நல்ல ஹார்ன விடக் கூட கரண்டு திங்கும். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை நெரிசல்ல அமுக்குன கைய எடுக்காம நின்னிருக்கான், வாடை வந்ததும் வண்டிய ஓரங்கட்டிட்டான், அது வர புத்தி இருந்துச்சு. பம்பரக் கழட்டிப் பாத்தா ஹார்ன் வயர் மேல்தோலு உருகி, பக்கத்துல போற ஃபேன் வயர், லைட் வயர் எல்லாத்தோடயும் ஒரே கட்டியா ஒட்டிக் கெடக்கு. பியூஸ் பாக்ஸ்ல பச்சை உக்காந்திருந்த குழி பழுப்பாகி, பியூஸப் பிடுங்குனா பிளாஸ்டிக்கும் சேந்து வருது, பச்சை மட்டும் ஒரு கீறல் இல்லாம இருக்கு. பியூஸ் பாக்ஸ், முன்னாடி வயரிங் ரெண்டும் புதுசு, ஹார்ன் வாங்குன காச விடப் பல மடங்கு. "அண்ணாச்சி, பியூஸ் போகலயே, பெறகு எப்படி?"ங்கான். எலே, பியூஸ் இருக்கதே வயரக் காப்பாத்தத்தான்! அது போச்சுன்னா ஒழுங்கா வேல செஞ்சிருக்குன்னு அர்த்தம், அதப் போயி வாயக் கட்டி உக்கார வச்சா?

செய்ய வேண்டியது இம்புட்டுத்தான். 12 வோல்ட் ரிலே ஒண்ணு வாங்குங்க, சின்னக் கரண்ட வச்சுப் பெரிய கரண்ட ஆன் பண்ணுத சுவிட்சு அது, ஒவ்வொரு பின்னுக்கும் நம்பர் இருக்கும். பேட்டரி பிளஸ்ல இருந்து நல்ல தடி வயர் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்துலயே தனி பியூஸ் போட்டு, 30-ஆம் நம்பர் பின்னுக்குக் குடுங்க. 87-ல இருந்து ஹார்னுக்கு. பழைய ஹார்ன் கனெக்டர்ல இருந்து வார ரெண்டு வயரும் 85, 86-க்கு. கால் ஆம்பியர் கூட அதுல போகாது, கம்பெனி வயரும் சுவிட்சும் நிம்மதியா இருக்கும். வண்டி பாடியில முறுக்குத எர்த் வயரும் தடியா விடுங்க, பெயிண்ட் மேல வச்சு முறுக்குனா எர்த் கெடையாது.

87ஏ

இந்தப் பின் அஞ்சு பின் ரிலேல நடுவுல இருக்கும். அதுல மாட்டுனா அமுக்காமலே அடிக்கும், அமுக்குனா நிக்கும்.

ஹார்ன் வாய்

கீழ பாக்கணும். இல்லன்னா உள்ள தண்ணி நிக்கும், ஐப்பசி மழையில தெரியும்.

சத்தம் பத்தலன்னு ஸ்க்ரூவத் திருகுதது

ஹார்ன் ஓரத்துல பெயிண்ட் வச்சு அடச்ச ஸ்க்ரூவக் கால் சுத்துக்கு மேல திருப்பாதீய, அதுவும் அடிச்சுக் கேட்டுக்கிட்டே. நடு நட்டுல கையே வைக்காதீய.