நம்பும்படியான கதைமாந்தரை உருவாக்குவது எப்படி?

"நல்லவள், பொறுமைசாலி, உழைப்பாளி" என்று குறிப்பெழுதித் தொடங்காதீர்கள். அது யாருக்கும் பொருந்தும். பிழைப்பிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக முத்துலட்சுமி, வயது 38. தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை (துணியில் ஓட்டை, குறை இருக்கிறதா என்று பார்ப்பது) பார்க்கிறாள்.

படி 1: கைக்காசு

கதை தொடங்கும் நாளில் கையில் எவ்வளவு, யாரிடம் கடன், அடுத்த பணம் எப்போது? தொகையோடு எழுதுங்கள். அவள் கம்பெனியில் சனிக்கிழமைதான் சம்பளம். கதை நடப்பது வியாழன். கையில் 140 ரூபாய். சூப்பர்வைசரிடம் வாங்கிய 3,000 ரூபாய் பாக்கி.

படி 2: ஓர் ஆசை, ஒரு தடை

"நிம்மதியாக வாழவேண்டும்" என்ற ஆசையை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது. ஞாயிறு காலை ஊரில் தங்கைக்கு வளைகாப்பு, போயாக வேண்டும் என்பதை வைத்து எழுதலாம். திங்களன்று ஷிப்மென்ட், அதனால் ஞாயிறும் வேலை. லீவு கேட்க வேண்டியதோ கடன் கொடுத்த அதே ஆளிடம்.

படி 3: பேச்சு

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எல்லாரும் எழுத்தாளர் குரலிலேயே பேசுவார்கள். ஒரே விஷயத்தை அவளை மூன்று பேரிடம் சொல்லவைத்துப் பாருங்கள்.

சூப்பர்வைசரிடம்: "ஞாயித்துக்கெழம மட்டும் லீவு வேணுங்க சார். தங்கச்சிக்கு வளகாப்புங்க."

பக்கத்தில் வேலை பார்ப்பவளிடம்: "கேட்டேன்க்கா. நிமிந்துகூடப் பாக்கல அந்தாளு."

போனில் அம்மாவிடம்: "லீவு குடுத்துட்டாவம்மா. வந்துருவேன்."

கம்பெனியில் ஒட்டிக்கொண்ட கொங்கு 'ங்க' அம்மாவிடம் இல்லை, ஊர்ப்பேச்சு வந்துவிடுகிறது. கூடவே ஒரு பொய்யும். அவள் யாரென்று அந்தப் பொய்தான் காட்டுகிறது.

ஆனால் வட்டார வழக்கை அள்ளிக் கொட்டவேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்படியே எழுதினால் படிப்பவர் தடுக்கி விழுவார். விளியிலும் வினைமுடிவிலும் காட்டினால் போதும். எழுதியதும் பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். பேசுவது யாரென்று தெரியவில்லையென்றால் திருத்துங்கள்.

படி 4: முரண்

ஒன்று போதும். பைசா பைசாவாக எண்ணுபவள், தங்கைக்கு வளையல் வாங்கும்போது பேரமே பேசமாட்டாள். காரணம் கதையில் வராவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

படி 5: முடிவெடுக்க வையுங்கள்

போனால் வேலைக்கு ஆபத்து, போகாவிட்டால் அம்மாவிடம் சொன்னது பொய். எதைத் தேர்ந்தாலும் இழப்பு இருக்கவேண்டும். சூப்பர்வைசர் திடீரென்று மனமிரங்கி லீவு கொடுத்துவிட்டால் இதுவரை கட்டியது அத்தனையும் வீண். முடிவு அவளுடையதாக இல்லாமல் போகிறது.

இந்தக் காட்சியை 250 சொற்களுக்குள் எழுதுங்கள். பிறகு 'வருந்தினாள்', 'கலங்கினாள்' போன்றவற்றை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவள் கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள்: "ஓட்டை விழுந்த பீஸை நல்ல பீஸ் அடுக்கில் வைத்தாள்." செக்கிங்கில் கைதேர்ந்தவள் இப்படித் தவறவிட்டால், மனம் எங்கே இருக்கிறதென்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அந்த வேலை பார்க்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு எழுதினால் இப்படிப்பட்ட வரிகள் இன்னும் பல கிடைக்கும்.