சிங்கப் பிடரியா, பவளப் பல்லா? அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்திலிருந்து வெள்ளை விழுதாகத் தொங்கும் காளானைக் கண்டதும் ‘சிங்கப் பிடரி’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிரிட்டனில் இப்படிச் செய்தால் தப்பாகிவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் சிங்கப் பிடரி எனப்படும் ஹெரிசியம் எரினேசியஸ், அதன் நெருங்கிய சொந்தமான பவளப் பல் காளான் ஹெரிசியம் கோரலாய்டீஸ் ஆகிய இரண்டுமே அங்கே அரிது, இரண்டுமே பழைய பீச் (beech) மரங்களில் வருபவை.

பலரும் முதலில் பல்லின், அதாவது காளானிலிருந்து தொங்கும் முள் போன்ற பகுதியின், நீளத்தைத்தான் அளக்கிறார்கள். முதிர்ந்த சிங்கப் பிடரியின் பற்கள் 5 செ.மீ. வரைகூடத் தொங்கும், பவளப் பல்லுக்குப் பெரும்பாலும் 1 செ.மீ. அளவுதான், அதெல்லாம் சரி. ஆனால் இளசாக இருக்கும்போது சிங்கப் பிடரிக்கும் குட்டைப் பற்கள்தான். நீளத்தை விடுங்கள், பற்கள் எதிலிருந்து தொங்குகின்றன என்று பாருங்கள். சிங்கப் பிடரிக்குக் கிளையே கிடையாது. ஒரே சதைத் திரள், அதிலிருந்து எல்லாப் பற்களும் நேராகக் கீழே. பவளப் பல் அடியிலிருந்தே பிரிந்து, கிளைக்குள் கிளையாகப் போகும், ஒவ்வொரு கிளையின் கீழும் பற்கள் சீப்பு போல வரிசையாக இருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: முளைத்த புதிதில் பவளப் பல் வெறும் வெள்ளை முடிச்சுதான், கிளை விரிந்திருக்காது. அப்போது பெயர் வைக்க அவசரப்படாமல் சில நாள் கழித்துத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

நிறத்தை நம்பவே வேண்டாம், இரண்டும் வயதானால் மஞ்சளித்துப் பழுப்பாகும். மரமும் ஓரளவுதான் உதவும். சிங்கப் பிடரி பெரும்பாலும் உயிருள்ள மரத்தின் காயத்தில் வரும், பவளப் பல் விழுந்து மட்கும் மரத்தில் வரும். ஆனால் சிங்கப் பிடரி குடியிருந்த மரம் சாய்ந்த பிறகும் அதே தண்டில் அது முளைப்பது உண்டு.

எனக்கு மனசு தாங்காத தவறு, உறுதி செய்கிறேன் என்று அறுத்துப் பார்ப்பது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 8வது அட்டவணையில் சிங்கப் பிடரி இருக்கிறது, அதைப் பறிப்பதே குற்றம். சந்தேகம் தீரவில்லை என்றால் பற்களுக்கு அடியில் ஒரு கண்ணாடி ஸ்லைடை வையுங்கள், வித்துகள் (ஸ்போர், காளான் பரவ உதிர்க்கும் நுண்துகள்) தாமாக உதிரும். நுண்ணோக்கியில் சிங்கப் பிடரியின் வித்து சுமார் 5 முதல் 7 மைக்ரான் இருக்கும், பவளப் பல்லுடையது 3 முதல் 5தான்.

அப்புறம், பழைய வட அமெரிக்கக் கையேடுகளில் கோரலாய்டீஸ் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் இன்று ஹெரிசியம் அமெரிக்கானம் எனப்படும் வேறொரு இனம். அதற்குக் கிளையும் உண்டு, நீளப் பல்லும் உண்டு. அந்தப் படங்களை வைத்து ஐரோப்பியக் காளானை ஒப்பிடாதீர்கள்.